முதலில் மாட்டை எண்ணு, பிறகு வேலி போடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து, நீயே நிலத்தைச் சுற்றிவர ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்துவிட்டாள். பண்ணைக் கணக்கு இப்போது அவள் கையில். ஒவ்வொரு செலவுக்கும் காரணம் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். புல் முன்போல் வருவதில்லை, தீவனச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மின்வேலி போடச் சொல்கிறார்கள், போடட்டுமா என்று எழுதியிருக்கிறாய். போடலாம், அவசரமில்லை. முதலில் மாடுகளை எண்ணு. ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறக்குறைய 2.5 சதவீதத்தை உலர் எடைக் கணக்கில் தின்னும். 400 கிலோ பசுவுக்கு அது 10 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், வாயில் போவது 40, 50 கிலோ. மந்தை முழுவதற்கும் ஓர் ஆண்டுக்குப் பெருக்கிப் பார். நிலம் தருகிற புல்லில் பாதிக்கும் மேல் அதற்கே தேவைப்பட்டால், எத்தனை வேலி போட்டாலும் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

ஏன் பாதி என்று கேட்பாய். அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்ளின் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. புல்லின் மேல்பகுதியை வெவ்வேறு அளவுகளில் வெட்டிவிட்டு, கீழே வேர் என்ன செய்கிறது என்று பார்த்தார். பாதி வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 70 சதவீதம் வெட்டியபோது முக்கால்வாசிக்கும் அதிகமான வேர்கள் வளர்வதை நிறுத்திவிட்டன. 80 சதவீதம் என்றால் மொத்தமும் நின்றுவிட்டது. பாதியைத் தாண்டிய பிறகு மாடு தின்கிற ஒவ்வொரு வாயும் அடுத்த பருவத்துப் புல்லிலிருந்துதான் போகிறது. வேர் மேலேயே நின்றுவிட்டால், மழை தள்ளிப்போகும்போது அடிமண்ணில் ஈரம் இருந்தும் செடிக்கு எட்டாது.

இதை நீயே பார்த்துவிடலாம். ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மாடு எட்டாத வேலி ஓரத்தில் ஒரு புல் தூரையும், நிலத்தின் நடுவில் அதே வகைப் புல்லில் இன்னொரு தூரையும் மண்ணோடு பெயர்த்தெடு. மண்ணை உதிர்த்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஓரத்துத் தூரின் வேர், மண்வெட்டி அறுத்த இடம் வரைக்கும் தொங்கும். நடுவிலிருந்து எடுத்தது விரல் நீளத்துக்குக் குஞ்சம்போல் நின்றால், உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எண்ணிக்கைக்கு அடுத்தது நாள். பிரான்சின் நார்மண்டியில் பண்ணை வைத்திருந்த ஆந்த்ரே வுவாசன் 1950களில் இதை அடித்துச் சொன்னார்: நிலம் கெடுவதற்கு மாட்டின் தொகையைவிட, அது ஓரிடத்தில் எத்தனை நாள் நிற்கிறது, எத்தனை நாள் கழித்துத் திரும்பி வருகிறது என்பதே பெரிய காரணம். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் புல்லை வளைத்து, கீழ்ப்பல்லில் அழுத்தி இழுத்து அறுக்கும். நான்கைந்து நாளில் அந்த இடத்தில் வெளிர்பச்சையாகத் துளிர் எட்டிப் பார்க்கும். அந்தத் துளிர் வேரில் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்து வந்தது. இலை விரிந்து கடனை அடைப்பதற்குள் அதே மாடு மறுபடியும் வந்து கிள்ளிவிடும். இளந்துளிர் இருக்கும்போது பக்கத்தில் முற்றி நிற்கும் புல்லை அது ஏறெடுத்தும் பார்க்காது. அதனால்தான் எப்போதும் திறந்தே கிடக்கும் நிலத்தில் ஒரு பக்கம் மொட்டையும் இன்னொரு பக்கம் முழங்கால் உயரத் தட்டையுமாக இருக்கிறது. நல்ல புல் செத்துக்கொண்டே போகும். மாடு தீண்டாத களை பெருகும்.

ஆகவே ஒரு துண்டில் மூன்று நான்கு நாளுக்கு மேல் நிறுத்தாதே. ஓய்வு எத்தனை நாள் என்பதைச் சுவரில் மாட்டிய அட்டவணையை வைத்து முடிவு செய்யாதே. வுவாசன் தன் ஊர்ப் பருவத்துக்கு மே, ஜூனில் 18 நாள், ஆகஸ்ட், செப்டம்பரில் அதைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்திருந்தார். வறண்ட நிலத்தில் மாதக்கணக்கில்கூட ஆகும். புல் வேகமாக வளரும்போது மந்தையும் வேகமாக நகர வேண்டும். புல் மெதுவானால் மந்தையும் மெதுவாக வேண்டும். எல்லோரும் தலைகீழாகச் செய்வது இந்த இடத்தில்தான். வறட்சியில் புல் இல்லையே என்று பதறிப்போய் மந்தையை வேகமாகச் சுற்றவிடுவார்கள். ஓய்வு பாதியாகக் குறைந்து, இருக்கிற புல்லும் போய்விடும்.

இப்படித் துண்டு துண்டாக மந்தையை மாற்றி மாற்றி மேய்ப்பதைச் சுழற்சி மேய்ச்சல் என்பார்கள். அதுதான் சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில். ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி, மந்தையை நெருக்கமாக ஓட்டியே பாலைவனமாவதைத் திருப்பிவிடலாம் என்று பேசி உலகப் புகழ் பெற்றார். 2008இல் மேய்ச்சல்நில ஆய்வாளர் பிரிஸ்கியும் சக ஆய்வாளர்களும், சுழற்சி முறையையும் எப்போதும் திறந்துவிட்டு மேய்ப்பதையும் ஒப்பிட்டு அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மாட்டு எண்ணிக்கை சமமாக இருந்தால், பெரும்பாலானவற்றில் சுழற்சி முறை புல்லையோ எடையையோ கூட்டிவிடவில்லை. சோதனையில் நாள் குறித்து நகர்த்துகிறார்கள், பண்ணைக்காரன் கண்ணால் பார்த்து நகர்த்துகிறான், இரண்டும் ஒன்றில்லை என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். நகர்த்துகிறவன் தினமும் புல்லைக் குனிந்து பார்க்கிறான். பலன் பாதி அதில்தான் இருக்கிறது.

இனி பணம். மாடு கூடினால் வருமானம் கூடும் என்றுதானே மந்தையைப் பெருக்கினாய்? ஜோன்ஸ், சாண்ட்லண்ட் என்ற இருவர் 1974இல் மேய்ச்சல் சோதனைகள் பலவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஹெக்டேரில் மாடு கூடக்கூட, ஒவ்வொரு மாடும் ஏற்றும் எடை நேர்கோட்டில் குறைகிறது. ஹெக்டேருக்கான மொத்த எடை முதலில் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. ஆனால் லாபத்தின் உச்சம் அதற்கு முன்பே வந்துவிடும், ஏனென்றால் கடைசியாகச் சேர்க்கும் மாட்டுக்கும் மருந்து, தண்ணீர், ஆள், முதலீட்டு வட்டி எல்லாம் முழுசாக உண்டு. அது கொண்டுவரும் கூடுதல் எடையோ சொற்பம். என் மகள் இதைத் தாளில் போட்டுக் காட்டியபின், சினை பிடிக்காத பசுக்களை இந்த ஆண்டு கொடுத்துவிட்டோம். வெளியிலிருந்து வாங்கும் உலர்புல் நன்றாகக் குறைந்திருக்கிறது. நீயும் சினைப் பரிசோதனையை முடித்துவிட்டு அங்கிருந்தே ஆரம்பி. மழை தவறினால் எந்தத் தேதிக்குள் எத்தனை மாட்டை விற்பது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள். எல்லோரும் விற்க ஓடும்போது போனால், கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று. தின்ற புல்லின் சத்தில் பெரும்பகுதி சாணமும் மூத்திரமுமாக மண்ணுக்கே திரும்புகிறது. ஆனால் மாடு அதைப் போடுவது தண்ணீர்த் தொட்டி அருகிலும் மர நிழலிலும்தான். மாடு நக்கும் உப்புக்கட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதே. மேயாத மூலையில் கொண்டுபோய் வை. குடற்புழு மருந்தைத் தேதி வைத்து எல்லா மாட்டுக்கும் ஊற்றுவதையும் நிறுத்திப் பார். ஐவர்மெக்டின் போன்றவை சாணத்தில் தங்கி, அதை மண்ணுக்குள் இழுத்துச் செல்லும் வண்டுகளின் புழுக்களைக் கொன்றுவிடும். ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணத்தை உள்ளூர் வண்டுகள் சரிவரக் கையாளாததால், 1960களில் தொடங்கி வெளிநாடுகளிலிருந்து வண்டு வரவழைத்தார்கள். உன் நிலத்தில் சும்மா வருகிற வண்டை மருந்து ஊற்றி விரட்டுவானேன்?

வேலிக்கு வருகிறேன். எத்தனை துண்டு என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும், கம்பி இல்லை. தொட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன, நிழல் எங்கே, எந்தப் பக்கம் சரிவு என்று ஒரு தாளில் கிறுக்கி அனுப்பு. முதலில் ஒரே ஒரு தற்காலிகக் கம்பியை வைத்து நிலத்தை இரண்டாக்கிப் பழகலாம். மகளும் உன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறாள். போன ஆண்டு தீவனத்துக்கு ஆன செலவையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்