ஆமைக்கும் ஆவுளியாவுக்கும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடலாமைகளையும் ஆவுளியா என்னும் கடற்பசுவையும் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து காக்க வேண்டும் என்று கோரும் எங்கள் மனு, தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் சென்ற மாதத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழு பேர் இதை அவையில் எழுப்புவதாக எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறார்கள். ஏழு என்பது சிறிய எண்தான். ஆனால் தொடங்கியபோது ஒருவர்கூடப் பதில் எழுதுவார் என்று நான் நம்பவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கோரிக்கை ஒன்றும் புதிதன்று. வலசை போகும் விலங்குகளுக்கான பான் உடன்படிக்கையில் இந்தியா 1983-லும் இலங்கை 1990-லும் சேர்ந்தன. இந்தியப் பெருங்கடல் ஆமைகளுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இலங்கை 2001-லும் நாம் 2007-லும் கையெழுத்திட்டோம். 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் காப்பகத்தின் எல்லை நம் கடலோடு நின்றுவிடுகிறது. கடற்புல் மேயும் ஆவுளியா அங்கே நிற்பதில்லை. இதைச் சொல்லத்தான் போனோம். ஆனால் இங்கே இலங்கைக் கடல் என்று வாயெடுத்தாலே கைதான மீனவர்களும் பிடிபட்ட படகுகளும் கச்சத்தீவும் முன்னால் வந்து நிற்கும், அது நியாயமும்கூட. மகன் அயல்நாட்டுச் சிறையில் இருக்கும் தாயிடம் போய் ஆமையைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஓட்டு விழாது என்பது எல்லா அரசியல்வாதிகளுக்கும் தெரிந்திருந்தது; எங்களுக்குத்தான் தெரியவில்லை. முதலில் எழுதிய நான்கு பக்க மனு அதனால்தான் எங்கும் எடுபடவில்லை.

அந்த மனுவைத் திருத்தியவர்கள் காசிமேட்டு மீனவர்கள். முதல் நன்றி அவர்களுக்கே உரியது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எல்லோரும் விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடியைத்தான் குறை சொன்னார்கள்; நாங்களும் சொன்னோம். அப்படிச் சொன்னவர்களை உட்காரவைத்துப் பேச அவர்களுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. இருந்தும் விசைப்படகு ஓட்டும் பெரியவர் ஒருவர், கவிழ்த்துவைத்த மீன் கூடையின் மேல் சாக்கட்டியால் மடியின் படத்தை வரைந்து, ஆமை விலக்குக் கருவியின் சாய்ந்த கம்பிகள் எங்கே வரும், இறால் எப்படி இடையே நுழைந்து மடியின் அடிக்குப் போகும், ஆமை எந்தத் திறப்பு வழியே வெளியேறும் என்று எங்களுக்கே பாடம் நடத்தினார். பிறகு அந்தத் திறப்பைச் சாக்கட்டியால் இரண்டு முறை தட்டி, இந்த வழியாக என் இறாலும் போகும், அதற்கு யார் காசு தருவார் என்று கேட்டார். எங்கள் நான்கு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

கடலில் பிடித்த இந்திய இறாலை 2019-ல் அமெரிக்கா வாங்க மறுத்ததற்குக் காரணம் ஆமைகள் மடியில் மாட்டுவதுதான் என்பதும், அதன் இழப்பு துறைமுகத்தில் எப்படித் தெரிந்தது என்பதும் அங்கே கேட்ட பிறகே மனுவுக்குள் வந்தன. கருவிக்கான செலவும் இழக்கும் மீனுக்கான ஈடும் முதல் பத்தியாயின, ஆமை இரண்டாவதுக்குப் போனது. அன்றிலிருந்துதான் கதவுகள் திறந்தன.

அந்த மனுவை ஒரே பக்கமாகச் சுருக்கித் தந்த, தலைமைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மீன்பிடி ஓர் அமைச்சகம், காட்டுயிர் இன்னோர் அமைச்சகம், இலங்கை வெளியுறவு அமைச்சகம். மூன்றையும் ஒரே கேள்வியில் கட்டினால் அது எங்கும் போய்ச் சேராது என்று அவர் சொல்லி, மூன்று தனிக் கேள்விகளாகப் பிரித்து எழுதினார். மக்களவைக் கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே கைக்குக் கிடைக்கும்படி அனுப்பச் செய்தவரும் அவரே.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் ஆமைக் கூடு தேடி நடந்துவிட்டு, விடிந்ததும் தூங்கப் போகாமல் கையெழுத்துத் தாளோடு குப்பங்களுக்குள் போன மாணவர்களுக்கும், மீன் விற்றுக்கொண்டிருந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு ரேகை வைத்த அக்காமார்களுக்கும் நன்றி. அந்தத் தாள்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது. நாங்கள் எடுக்கவில்லை, அப்படியே அனுப்பினோம்.

ஓர் அலுவலகத்தில் மூன்று முறை கொடுத்த மனு மூன்று முறையும் காணாமற்போயிற்று. யாருடைய அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. நான்காம் முறை அங்கே தேநீர் கொண்டுவரும் தம்பி அதை வாங்கிப்போய், உறுப்பினரின் கண்ணாடி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அந்த ஏழில் ஒன்று அப்படி வந்தது.

ஏழு கடிதங்களின் படிகளும் எங்களிடம் உள்ளன, கேட்பவர்களுக்குத் தருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மடிகளைச் செப்பனிடும்போது, கருவியைத் தம் படகின் மடியில் பூட்டிப் பார்க்கப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தடை முடிந்து போகும் முதல் நாளே இறால் குறைந்தால் துறைமுகத்தில் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
கையெழுத்துக் குழுவின் சார்பில்,
சென்னை