ஆயிரம் என்றால் நீதான்

அன்புள்ள அம்முவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய். வைத்த அடுத்த நிமிடமே மறந்துவிடுவாய். அதனால்தான் உன் லினக்ஸ் லேப்டாப் ஏன் அணைய மறுக்கிறது என்பதை எழுதுகிறேன். அடிக்க வேண்டிய கட்டளைகளைத் தனியாக மெசேஜில் அனுப்பியிருக்கிறேன். ஒரு புள்ளி பிசகினாலும் வேலை செய்யாது, கையால் அடிக்காமல் அப்படியே காப்பி பண்ணிக்கொள்.

முதலில் நீ அனுப்பிய படம். கை ஆடியிருக்கிறது, பாதி எழுத்து மங்கல். ஆனாலும் எனக்கு வேண்டியது அதில் இருந்தது. கறுப்புத் திரையின் அடியில் ஒரு வரி. அதன் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் சிவப்பு நட்சத்திரங்கள். நேரில் பார்த்தால் அவை இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கும். உன் படத்தில் மூன்று மட்டும் உறைந்து நிற்கின்றன. பக்கத்தில் "யூசர் மேனேஜர் ஃபார் யூஐடி 1000" என்று இருக்கிறது. கடைசியில் 36 விநாடி, ஒரு சாய்கோடு, 2 நிமிடம்.

லோகோ சுற்றிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் பட்டனைத் தட்டு என்று சொன்னது இதற்காகத்தான். அந்த லோகோ வெறும் திரைச்சீலை. அதை விலக்கினால் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியும். மூன்று வாரமாக நீ திரைச்சீலையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாய்.

"அப்கிரேட் பண்ணினதிலிருந்து இது அணையவே மாட்டேங்குது" என்றாய். அடம் பிடிப்பதாக உனக்குத் தோன்றியிருக்கிறது. அது பாவம், யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. யாருக்காக என்று அந்த வரியில் எழுதியும் காட்டுகிறது. நீ அதைப் படிப்பதற்குள் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துவிடுகிறாய்.

அந்தப் பட்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விண்டோஸ் 95 ஓடிய பல கம்ப்யூட்டர்கள் தாமாக அணையாது. ஷட் டவுன் கொடுத்தால் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இனி அணைத்தால் பாதுகாப்பு என்று ஒரு வரி வரும். நாங்கள் எழுந்து போய் டக்கென்று சுவிட்சைத் தட்டுவோம். உண்மையான சுவிட்ச், கரண்டை வெட்டுகிற சுவிட்ச். அப்புறம் 1996 கடைசியில் ஏசிபிஐ என்று ஒரு விதிமுறை வந்தது. அதிலிருந்துதான் மின்சாரத்தை நிறுத்துகிற வேலை மெல்ல மெல்ல ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கைக்கு வந்தது. இப்போது உன் லேப்டாப்பில் இருக்கும் பட்டன் காலிங் பெல் மாதிரி. தட்டினால் உள்ளே இருப்பவருக்குச் சேதி போகும், அவ்வளவுதான். ஆனால் 4 விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் யாரையும் கேட்காமல் வன்பொருளே மின்சாரத்தை வெட்டிவிடும். சில லேப்டாப்புகளில் இன்னும் அதிக நேரம் பிடிக்க வேண்டும். அது ஆபத்துக்கு வைத்த வழி. நீ அதைத் தினமும் தூங்கப் போவதற்கான வழியாக்கிவிட்டாய்.

அதனால் டிஸ்க் பாழாகிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். இன்றைய ஃபைல் சிஸ்டங்கள் செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. பாதியில் வெட்டினாலும் அடுத்த முறை அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். தப்பிப் பிழைக்காமல் போவது நீ கடைசியாக எழுதியதுதான். சேவ் கொடுத்தாலும் எழுத்து உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை, சில விநாடிகள் நினைவகத்திலேயே இருக்கும். போன வாரம் கட்டுரையில் கடைசிப் பக்கத்தைக் காணவில்லை என்று புலம்பினாயே, பட்டனை அமுக்கிய ராத்திரிதானா அது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷட் டவுன் கொடுத்ததும் சிஸ்டம்-டி என்கிற மேலாளர் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் புரோகிராம்களுக்கும் 'டெர்ம்' என்று ஒரு சமிக்ஞை அனுப்புவார். வேலையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள் என்று அர்த்தம். முக்கால்வாசிப் பேர் அடுத்த நொடியே கிளம்பிவிடுவார்கள். கிளம்பாதவர்களுக்கு வழக்கமாக 90 விநாடி தவணை. அதற்கும் அசையாவிட்டால் 'கில்'. அதை யாரும் மறுக்க முடியாது. (பதில் சொல்லாத நெட்வொர்க் டிஸ்க்கிலோ கெட்டுப்போன டிரைவரிலோ மாட்டிக்கொண்டு கிடக்கும் புரோகிராம் மட்டும் விதிவிலக்கு. கில் கொடுத்தாலும் அது சாகாது. உன்னுடையது அந்தக் கேஸ் இல்லை.) ஒரு யூசரின் புரோகிராம்களை எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் யூசர் மேனேஜருக்கு மட்டும் தவணை 2 நிமிடம். உன் படத்தில் இருந்தது அந்த 2 நிமிடம்தான்.

அந்த 1000 என்ன தெரியுமா? லினக்ஸில் பெயரெல்லாம் மனிதர்களுக்காக. உள்ளே எல்லோருக்கும் எண்தான், அதுதான் யூஐடி. நிர்வாகிக்குப் பூஜ்யம், சில்லறை சேவைகளுக்குச் சின்னச் சின்ன எண்கள். இன்ஸ்டால் செய்யும்போது முதலில் பதிவாகிற மனிதருக்கு வழக்கமாக 1000. ஆயிரம் என்றால் நீதான். உன் பெயரில் ஏதோ ஒன்று போக மறுக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்லியிருக்கிறது.

நேற்று உன்னைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னேன் அல்லவா? நீ சலித்துக்கொண்டாய். அதற்கும் காரணம் இருந்தது. நடப்பதையெல்லாம் சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு லாக் என்று பெயர். அதன் வரிகளும் உடனுக்குடன் டிஸ்க்குக்குப் போவதில்லை. நீ வெட்டும்போதெல்லாம் குற்றவாளியின் பெயரும் சேர்ந்தே அழிந்துகொண்டிருந்தது. நேற்று பொறுத்தாய், ஒன்றரை நிமிடத்தில் அதுவாகவே அணைந்தது, காலையில் முந்தின முறை ஓடியபோது எழுதிய லாக்கிலிருந்து நான்கு வரி அனுப்பினாய். கூடவே போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாய்: "பகல்ல ஒழுங்கா அணையுதும்மா, ராத்திரிதான் இப்படி." இதை நீ முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சம். பழுது என்ன என்பதைவிட அது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

நான்காவது வரியில் பெயர் இருந்தது. தவணை முடிந்தது, கொல்கிறேன் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள்: அம்மு-பேக்கப்.

சிரிக்காதே. அது நான் எழுதிய ஸ்கிரிப்ட்.

நீ கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, நீ தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதிப் போட்டது. தினம் இரவு 9 மணிக்கு உன் கோப்புகளையும் படங்களையும் வீட்டிலிருக்கும் நம் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பும். உன்னிடம் சொன்னேன், நீ "சரிம்மா" என்றாய். இன்று காலை அதைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது வரியில் டெர்ம் சமிக்ஞையைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறேன். மேலே என் கைப்படக் குறிப்பு வேறு: "பாதியில் நிறுத்தாதே." அதற்கு முன்பு ஒருமுறை நகல் ஓடும்போதே நீ லேப்டாப்பை அணைத்து, படங்கள் பாதி பாதியாக வந்து சேர்ந்தன. அந்தக் கோபத்தில் சேர்த்த வரி. இன்னொருவர் எழுதிக் கொண்டுவந்திருந்தால் இதை நான் விட்டிருக்க மாட்டேன்.

இத்தனை வருடம் பேசாமல் இருந்தது ஏன் இப்போது தகராறு செய்கிறது? நகல் எடுக்க நான்கைந்து நிமிடம்தான் ஆகும். நீ அணைக்கிற நேரத்துக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். அப்கிரேடில் உன் சிஸ்டம் 2020 வெளியீட்டிலிருந்து ஒரே தாவாகத் தாவிவிட்டது. அதோடு, ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பாதுகாப்பாகப் பேச உதவும் ஓபன்எஸ்எஸ்எச் புரோகிராமின் புதுப் பதிப்பும் வந்தது. 2021இல் வந்த அதன் 8.8 பதிப்பிலிருந்து, கம்ப்யூட்டர்கள் தங்களை அடையாளம் காட்ட ஷா-1 என்ற முறையில் போடுகிற பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்துகளைத் தானாக ஏற்பதில்லை. அது நியாயம்தான். வேறு வேறான இரண்டு பிடிஎஃப்களுக்கு ஒரே ஷா-1 முத்திரை வருகிற மாதிரி 2017இலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்குப் பழைய கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே உன் லேப்டாப் தினம் ஒன்பது மணிக்கு இங்கே வந்து கதவைத் தட்டுகிறது, இரண்டு பேருக்கும் பாஷை ஒத்துவரவில்லை, 30 விநாடி கழித்து மறுபடி தட்டுகிறது. எத்தனை முறை என்று நான் கணக்கு வைக்கவில்லை, கிடைக்கும்வரை தட்டு என்று எழுதியிருக்கிறேன். நீ ஷட் டவுன் கொடுத்தாலும் அதற்குக் காது கேட்காது.

செய்ய வேண்டியது இரண்டே வரி. மெசேஜில் முதலாவது, தினம் ஒன்பது மணிக்கு ஸ்கிரிப்டைக் கிளப்பிவிடும் டைமரை நிறுத்தும், இரண்டாவது இப்போது ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தும். இரண்டாவதற்கும் ஒன்றரை நிமிடம் ஆகலாம், அந்த அளவுக்குச் செவிடு. இதைத் தேடினால் பழைய கையெழுத்தை மறுபடி அனுமதிக்க ஒரு வரி சேர்க்கச் சொல்லும் யோசனை உன் கண்ணில் படும். வேலை செய்யும், ஆனாலும் சேர்க்காதே. மாற வேண்டியது இங்கே இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டர். இந்த வாரம் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்டையும் திருத்துகிறேன். மூன்று தடவை முயலும், கிடைக்காவிட்டால் உனக்கும் எனக்கும் ஒரு சேதி போட்டுவிட்டுப் போய்விடும். மூன்று வாரமாக நகலே வரவில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை பார்.

அந்த 90ஐ 10 ஆக மாற்றிவிட்டால் போதும் என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 90 ரொம்ப அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் 2023இல் வந்த 38ஆம் பதிப்பில் அதை 45 ஆகக் குறைத்தார்கள். ஆனால் உன் விஷயத்தில் அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லேப்டாப் சமர்த்தாக அணைந்திருக்கும், பேக்கப் செத்துக் கிடப்பது ஒரு வருடத்துக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு விதமான 'அணையாமை'யும் உண்டு. எல்லா வரியும் ஓடி முடிந்து, பவர் ஆஃப் வரைக்கும் வந்தாயிற்று என்று காட்டிவிட்டு, திரை இருண்ட பிறகும் விசிறி சுற்றும், விளக்கு எரியும். அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் வன்பொருளிடம் அணை என்று சொல்லியும் அது போய்ச் சேரவில்லை. அப்படி வந்தால் யூஎஸ்பியில் செருகியதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பார். பூட் மெனுவில் பழைய கர்னல் இருக்கும், அதில் ஏறி அணைத்துப் பார். பழையதில் அணைந்தால் புதுக் கர்னலோ கிராபிக்ஸ் டிரைவரோதான். பழையதிலும் அணையாவிட்டால் பயாஸுக்கு (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படைப் புரோகிராம்) அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடு. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு; அது இருக்கும்வரை ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான், ரீஸ்டார்ட்தான் முழுசு. விண்டோஸ் வைத்திருக்கும் தோழி யாராவது கேட்டால், முதலில் அதை ஆஃப் பண்ணிப் பார்க்கச் சொல்.

இனி எப்போதாவது நிஜமாகவே மாட்டிக்கொண்டால், பட்டனுக்குப் போகும் முன் ஒன்று செய். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு, எஸ், யு, ஓ என்று ஒவ்வொன்றாக, இடையில் இரண்டு விநாடி விட்டுத் தட்டு. எஸ் மீதமிருப்பதை டிஸ்க்கில் எழுதும், யு டிஸ்க்கைப் பூட்டும், ஓ அணைக்கும். சில லேப்டாப்பில் எஃப்என்னையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அப்கிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதையும் செய்யாதே, எதையும் செய்யாதே. அணைக்கும் நேரத்தில் அப்டேட் போட்டு முடிக்க அரை மணி வரை தவணை வைத்திருக்கும் சிஸ்டங்களும் உண்டு.

அப்புறம் அந்தப் பை. அணைந்ததா என்று பார்க்காமல் மூடிப் பையில் போட்டுக்கொண்டு போனேன், எடுத்தபோது சுட்டது என்று ஏதோ வேடிக்கை மாதிரி எழுதியிருக்கிறாய். இதுதான் எனக்கு இரவில் தூக்கத்தைக் கெடுத்தது. காற்றே போகாத பைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி வீங்கிவிடலாம். விளக்கு அணைந்து விசிறி நின்றதைப் பார்த்த பிறகு மூடு. கீழ்ப்பக்கம் தட்டையாக மேசையில் உட்காருகிறதா, டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துச் சொல்.

இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஷட் டவுன் கொடுத்துவிட்டு எத்தனை விநாடியில் அணைகிறது என்று எண்ணி எனக்கு எழுது. நீ கிளம்பின அன்று அது 7 விநாடியில் அணைந்தது.

அன்புடன்
அம்மா