வளையம் வலிக்குமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா நலம். மூன்று நாளாகக் கோமினோவில் இருக்கிறேன். மத்தியதரைக் கடலில், மால்டாவுக்கும் அதன் பக்கத்துத் தீவான கோசோவுக்கும் நடுவே மூன்றரை சதுர கிலோமீட்டரில் ஒரு பாறைத் தீவு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பேர்ட்லைஃப் மால்டா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்புக்காரர்கள் இங்கே பறவைகளைப் பிடித்து, அடையாளத்துக்காகக் காலில் எண் பொறித்த வளையம் போட்டு விடுகிறார்கள். எடுபிடி வேலைக்கு நானும் ஒட்டிக்கொண்டேன்.

நீ ஆறாவது படிக்கும்போது கோடியக்கரையில் ஓர் உள்ளானுக்கு வளையம் போடுவதைப் பார்த்துவிட்டு, "அதுக்கு வலிக்காதாப்பா?" என்று கேட்டாய். "வலிக்காது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். தெரியாமல் சொன்ன பதில் அது. இத்தனை வருஷமாக மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

நேற்று விடிகாலை வலையில் ஒரு வில்லோ கதிர்க்குருவி விழுந்திருந்தது. துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தேன். இருட்டில் அடங்கிக் கிடந்தது. அலுமினிய வளையத்தை இடுக்கியால் மூடியதும் குனிந்து பார்த்தேன். காலை இறுக்கவே இல்லை. தளர்ந்த கொலுசு போல ஏறி இறங்கியது, சுற்றியது. அப்புறம் வயிற்று இறகை வாயால் ஊதி விலக்கிக் காட்டினார்கள். கொழுப்பு இருந்தால் தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியுமாம். துளிகூட இல்லை. நெஞ்செலும்பு கத்திமுனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. எடை 7.1 கிராம். நம் பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசே 9 கிராம், பாப்பா! சகாராவைக் கடந்து, அதன் பிறகு 300 கிலோமீட்டருக்கு மேல் கடலையும் கடந்து வந்த உடம்பு. அதுக்கு வலி என்றால் பசிதான்.

கோமினோ சரணாலயம் என்பதால் இங்கே சுடக்கூடாது. மால்டாவில் வசந்த காலத்திலும் வேட்டை உண்டு. 2015 வாக்கெடுப்பில் 50.4 சதவீதம் பேர் அது தொடரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூடு கட்டப் போகிற உயிரை நடுவழியில் சுடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அப்படிச் சுடப்படும் காடைக்கும் காட்டுப்புறாவுக்கும் இதே பசி, இதே களைப்புதானே?

கையை விரித்ததும் அந்தக் குருவி உயரே பறக்கவில்லை. பக்கத்துப் புதரில் இறங்கிப் பூச்சி பொறுக்க ஆரம்பித்தது.

இன்று காலை அதே வலையில் மறுபடி ஒரு குருவி. வளையத்தின் எண்ணைப் படித்தார்கள், நேற்று வந்ததேதான். எடை 7.6. பிள்ளை எடை கூடியதைத் தராசில் பார்த்தவன் போலச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அடுத்த ஏப்ரலில் பத்து நாள் லீவு போடு. நீயே ஊதிப் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா