தமிழா, பிரெஞ்சா? பள்ளி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் அவர்களுக்கும் கால அட்டவணைக் குழுவினருக்கும் வணக்கம்.

மூன்றாம் படிவப் (ஒன்பதாம் வகுப்புப்) பிள்ளைகளிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய விருப்பப் பாரம் (படிவத்தாள்) வீடு வந்து சேர்ந்தது. அதில் இரண்டு கட்டங்கள்: ஒன்று தமிழ்மொழி, மற்றொன்று பிரெஞ்சுமொழி. ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிட்டு, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. புதன்கிழமை பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் நடப்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தமிழ் வகுப்பு நேரத்திலிருந்து பிரெஞ்சை எடுத்து, காலைப் பாட நேரத்துக்குள் நான்கு அரை மணிப் பாடவேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

இந்த ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் என்ன செய்து சமாளித்தார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒரு புதன் தமிழுக்கு, அடுத்த புதன் பிரெஞ்சுக்கு. விட்டுப்போன பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வது. வரலாறு என்றால் இது ஓரளவு நடக்கும். பிரெஞ்சில் நடக்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

'பேசு' என்ற வினையை நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கு இடங்களுக்கு எழுதும்போது பிரெஞ்சில் மூன்று வகை எழுத்துக்கூட்டு வரும். உச்சரிப்போ நான்குக்கும் ஒன்றே, வெறும் 'பார்ல்'. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதன் கடைசியில் நிற்கும் மூன்று எழுத்துகளுக்கு ஒலியே கிடையாது. வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர் 'இல் பார்ல்' என்பார். நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டவர் 'இல்ஸ் பார்லென்ட்' என்று படிப்பார், வீட்டில் திருத்த ஆளில்லாமல் அப்படியே மனப்பாடமும் செய்துவிடுவார். அடுத்து இரண்டு சொற்கள் சேரும்போது மௌனமாக இருந்த எழுத்து திடீரென்று வாய் திறக்கும். 'நண்பர்கள்' என்பதை 'லே அமி' என்று பிரித்துச் சொல்லக்கூடாது, 'லேஸாமி' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், அதிலும் நடுவில் வரும் ஒலி பாம்புச் சீறல் அல்ல, தேனீ இரைச்சல். இந்த ஒரு வேறுபாடு தவறினால் மீன் கேட்பவர் நஞ்சு கேட்டவர் ஆகிவிடுவார். பிரெஞ்சில் அவ்விரு சொற்களுக்கும் இடையே இருப்பது அந்த ஒலி மட்டும்தான்.

'நீ' என்பதற்கும் 'எல்லாம்' என்பதற்கும் உள்ள சொற்களை நம் பிள்ளைகள் இரண்டையுமே 'தூ' என்பார்கள். முதல் சொல்லுக்கு நாக்கை 'ஈ' சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவிக்க வேண்டும். மூக்கொலிகளில் இன்னொரு தவறு: முடிவில் நாக்கு மேலே போய் 'ன்' என்று ஒட்டிவிடும். ஒட்டக்கூடாது. ஒலி நீளும்போதே மூக்கைப் பிடித்துப் பார்த்தால், சரியாக வந்திருந்தால் ஒலி சற்று மாறினாலும் தொடரும், 'ன்' என்று ஒட்டியிருந்தால் சட்டென்று அடைபடும். இதையெல்லாம் ஆசிரியர் பிள்ளையின் வாயைப் பார்த்துத்தான் திருத்த முடியும். அதுவும் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பதில் பயனில்லை, ஏழு நாள் இடைவெளியில் வாய் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும். பதினைந்து நாள் இடைவெளி என்றால் சொல்லவே வேண்டாம். ஆசிரியர் முதல் ஒரு மணி நேரத்தைப் பழைய பாடத்துக்கே செலவழிக்கிறார். அடுத்த ஒரு மணி நேரம் பசியில் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் இலக்கண அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதில் கழிகிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அதே இரண்டு மணி நேரத்தை நான்கு நாள்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு வேளையும் இப்படிப் போகும்: 5 நிமிடம் கேட்டுத் திரும்பச் சொல்லுதல், 10 நிமிடம் புதிய பாடம், 10 நிமிடம் இருவர் இருவராக உரையாடல், 5 நிமிடம் சொல்வதெழுதுதல். டெல்ஃப் என்ற பிரெஞ்சுமொழித் தகுதித் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதுதான் தேவை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேர்ச்சிக்கு 50 போதும், ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. கரும்பலகையைப் பார்த்து எழுதி எழுதியே வாசித்தலிலும் எழுதுதலிலும் 40 வாங்குகிற பிள்ளை, பேசுதலில் 4 வாங்கினால் மொத்தமும் போச்சு.

இதில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் ஒரு சாதகம் உண்டு. ஆளுக்கேற்ப வினைமுற்று மாறும் என்பதை மலாய் வழியாக மட்டும் விளக்கினால் அரை நாள் ஆகும், மலாயில் வினை மாறுவதில்லை. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதே அல்ல. யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்ற பிரெஞ்சுக்காரரின் மரியாதைக் கணக்கும் அப்படியே. தமிழ் இலக்கணம் திடமாக இருந்தால் பிரெஞ்சு சுலபமாகும். இந்தப் பாரமோ பிரெஞ்சு வேண்டுமென்றால் தமிழை விடு என்கிறது. பிரெஞ்சு எடுக்கும் மற்ற இனத்துப் பிள்ளைகள் யாருக்கும் இப்படி ஒரு பாரம் போகவில்லை என்பதையும் பணிவோடு சுட்டிக்காட்டுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்ததாகக் கேள்வி. இந்த ஊருக்கே சோறு போடும் செம்பனையை (எண்ணெய்ப்பனையை) நம் மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலில் பயிரிட்டது 1917இல், கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். பயிரிட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய மொழி தோட்டத்துக்கு ஆகாது, மரம் மட்டும் ஆகும் போலிருக்கிறது.

பண்பாடு பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்கொரு முறை அட்டையில் ஐஃபெல் கோபுரம் ஒட்டி, தலையில் தொப்பி வைத்து, ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) வந்து படம் எடுத்துக்கொண்டு போவதைப் பிரெஞ்சுப் பண்பாட்டு நாள் என்கிறோம். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் பொருள் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு என்பது அந்தக் கோபுரத்தில் எழுதியிருக்காது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவைப் பற்றியும் எழுதியிருக்காது. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர் ஏராளம். அவர்கள் வழிவந்தோர் இன்றும் தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். வீட்டில் பேசுவது கிரியோல் என்ற, பிரெஞ்சிலிருந்து பிறந்த கலப்பு மொழியும் பிரெஞ்சும். பிரெஞ்சு வந்த இடத்தில் தமிழ் எப்படிப் போனது என்று படிக்க வேண்டிய பாடம் அது. அதைப் படிக்க வேண்டிய வகுப்பிலேயே அதை நடத்திக் காட்ட வேண்டாம் என்பதுதான் எங்கள் விண்ணப்பம்.

1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யச் சொல்கிறது. இயலுமானால் பிரெஞ்சும் கற்பிக்கலாம் என்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று சொல்லவில்லை. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பத்துப் பாடம்தான் என்று வரம்பு வந்து, பிறகு தமிழுக்காகப் பத்தோடு இரண்டு என்று ஆன கதையெல்லாம் நீங்கள் அறியாததல்ல. ஒவ்வொரு முறையும் ஓரத்துக்குத் தள்ளப்படுவது தமிழ்தான். ஒவ்வொரு முறையும் மனு எழுதுவதும் நாங்கள்தான். பேனா மை விலை ஏறிவிட்டது ஐயா.

சரி, வேலைக்கு வருவோம். படிவத்துக்கு ஒரு பிரெஞ்சுக் குழு, ஐந்து படிவம், ஆளுக்கு நான்கு வேளை: வாரத்துக்கு 20 பாடவேளை. ஓர் ஆசிரியரால் முடியும். சிக்கல் எங்கே வரும் என்றால், பிரெஞ்சு மாணவர்கள் ஒரே படிவத்தின் பல வகுப்புகளில் சிதறியிருக்கிறார்கள். எனவே அந்த நான்கு வேளைகளும் அந்தப் படிவம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். பிரெஞ்சு எடுக்காதவர்களுக்கு அந்நேரம் வேறு விருப்பப் பாடமோ நூலகமோ இருக்கட்டும். மென்பொருளில் அட்டவணை போடும்போது இவற்றை முதலில் பூட்டிவிட்டுப் பிறகு மற்றப் பாடங்களை அடுக்குங்கள். எல்லாம் அடுக்கி முடித்தபின் பிரெஞ்சுக்கு இடம் தேடினால் கிடைக்காது. இந்த ஆண்டு நடந்தது அதுதான்.

நான்கும் முடியாது என்றால் காலையில் இரண்டு வேளையாவது கொடுங்கள், மீதி ஒரு மணி நேரத்தைத் திங்கட்கிழமை பிற்பகலுக்கு மாற்றுங்கள். அன்று தமிழ் வகுப்பும் இல்லை, புறப்பாட நடவடிக்கையும் இல்லை. தோட்டப் பேருந்தைக் கொஞ்சம் தாமதமாக எடுப்பது பற்றி ஓட்டுநரிடம் பேசும் பொறுப்பு எங்களுடையது. வகுப்பறைக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கியும் வாங்கித் தருகிறோம்.

புதிய அட்டவணை முடிவாகும் வரை அந்தப் பாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே குறியிட்டு அனுப்பிவிட்ட பெற்றோரின் பாரங்களையும் செல்லாதவை என அறிவித்து, வெள்ளிக்கிழமைக்கு முன் எங்களை ஒருமுறை சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தமிழும் பிரெஞ்சும் படிக்கும் மாணவர்களின் பெற்றோரும் பயிற்றுநர்களும்