எல்லன் டெரியின் பொன்வண்டு உடை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் எல்லன் டெரியை மௌனப்பட நடிகை என்று அறிமுகப்படுத்தியிருந்தீர்கள். 1916-இல் முதல் படத்தில் நடித்தபோது அவருக்கு 69 வயது. அதற்குப் பிறகும் நான்கே படங்கள்தான். 1856-இல், ஒன்பது வயதில் லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மேடையேறியவர். 1878 முதல் லண்டன் லைசியம் அரங்கில் நடிகர் ஹென்றி இர்விங்குக்கு ஜோடி. அந்தக் காலப் படச்சுருளில் சிவப்பு கறுப்பாகவே விழும், குரலோ கிடையாது. அந்தப் படங்களை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை.

'மேக்பெத் நாடகக் காட்சி' என்று நீங்கள் போட்ட படமும் நாடகக் காட்சி அல்ல, ஓவியம். இரு கைகளாலும் மகுடத்தைத் தலைக்கு மேலே தூக்கும் அந்த நிலை நாடகத்தில் எங்கும் இல்லை, ஓவியரின் கற்பனை. டெரி லேடி மேக்பெத்தாக மேடையில் அணிந்த உடை மட்டும் நிஜம்.

1888 டிசம்பர் 29 அன்று அரங்கேறிய மேக்பெத்துக்காக ஆலிஸ் கோமின்ஸ் கார் வடிவமைக்க, அடா நெட்டில்ஷிப் செய்து கொடுத்தது. பச்சைக் கம்பளி நூலோடு நீல ஜிகினா இழையை முறுக்கி, குரோஷா ஊசியால் பின்னினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரும்புக் கவசம் போலவும் பாம்புச் செதில் போலவும் தெரிய வேண்டும் என்பது கணக்கு. அதன்மேல் சுமார் 1000 வண்டுச் சிறகுகள். நம்மூர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வளர்க்கும் பொன்வண்டின் உறவுதான் அது. பறக்கும் மெல்லிய சிறகல்ல, மேலே மூடியிருக்கும் கெட்டி ஓடு. அதன் பச்சை சாயமில்லை; ஓட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். அதனால்தான் நூற்றாண்டு கடந்தும் மங்கவில்லை. லைசியத்தில் மின்விளக்கு வந்தபோது முகங்கள் கெடுகின்றன என்று சொல்லி, வாயு விளக்கையே திரும்ப வைக்கச் செய்தவர் டெரி. அந்த மென்மையான வெளிச்சத்தில்தான் இந்த உடை மின்னியது.

நிறம் நிலைத்தாலும் உடை நிலைக்கவில்லை. குரோஷா பின்னல் தன் பாரத்திலேயே இழுபட்டுத் தொங்கிவிடும். ஓடு கெட்டியானாலும் வளையாது, விரிசல்தான் விடும். பிற்காலத்தில் உடையைப் பழுதுபார்த்தபோது, உடைந்த ஓடுகளுக்கு ஜப்பானிய மெல்லிய தாளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டுப்போட்டுச் சீர்செய்தார்கள். மொத்த வேலைக்கும் சுமார் 1300 மணி நேரம் பிடித்தது. 2011-இல் உடை இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஸ்மால்ஹைத்துக்குத் திரும்பியது. டெரி 1928-இல் காலமான வீடு அது, இப்போது அருங்காட்சியகம்.

படவிளக்கத்தை அடுத்த வாரமாவது திருத்துங்கள்: ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட், ஆண்டு 1889, இருப்பது லண்டன் டேட் கலைக்கூடச் சேகரிப்பில்.

வாசகர், கும்பகோணம்