நாசிக்கில் இருக்கும் முரளிக்கு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. புது வீடும் மகளுக்குப் பள்ளியும் அமைந்துவிட்டதில் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

'ஒயின் டேஸ்டிங் போனேன், எல்லாம் ஒரே புளிப்பு' என்று எழுதியிருந்தாய். புளிப்பு தெரிந்ததல்லவா, பாதி வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் குடித்தால் நாக்குக்கு எதுவும் பிடிபடாது. எப்போதும் இரண்டை அருகருகே வை. உங்கள் ஊரில் விளையும் செனின் பிளாங்க், சோவிஞான் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளைத் திராட்சை ரகங்களின் ஒயினில் தொடங்கு; பிறகு செனினுக்குப் பக்கத்தில் சிவப்பு ஒயினான ஷிராஸ். ஆளுக்கு 50 மில்லி போதும். வாய் குறுகிய கிளாஸில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே. சுழற்ற இடம் வேண்டும். சுழற்றாமல் ஒருமுறை முகர், சுழற்றி மறுபடி முகர். அப்புறம் சின்ன வாய் எடுத்து, ஈறு வரை படும்படி உருட்டித் துப்பிவிடு. துப்பக் கூச்சப்பட்டால் ஐந்தாவது கிளாஸுக்குள் மூக்கு மழுங்கிவிடும்.

புளிப்பைத் தாடையோரம் ஊறும் எச்சிலை வைத்து அளக்கலாம். இனிப்பில்தான் பலர் ஏமாறுவார்கள்: பழ வாசனை வந்தாலே இனிப்பு என்று தோன்றும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடி, உண்மை தெரிந்துவிடும். ஆல்கஹால் தொண்டையில் சூடாக இறங்கும். லேபிளில் 12 சதவீதம் போட்டதையும் 14 போட்டதையும் ஒப்பிட்டுப் பார்.

துவர்ப்புக்குக் காரணம் டானின். சிவப்பு ஒயினைத் தோலோடும் விதையோடும் நொதிக்க விடுவதால் அதில்தான் அதிகம். இரண்டு நிமிடம் ஊறிய பிளாக் டீ, பத்து நிமிடம் ஊறியது, இரண்டையும் ஆறவைத்து மாறி மாறிக் குடி; ஈறு வறண்டு இழுப்பது டானின். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே அறுவடை. தோட்டத்தில் கேட்டு ஒரு சிவப்புத் திராட்சையை வாங்கி, தோலையும் விதையையும் தனித்தனியே மென்று பார். எது எங்கிருந்து வருகிறது என்பது வாயிலேயே தெரியும்.

வாசனைக்குப் பெயர் சொல்ல வரவில்லையே என்று கவலைப்படாதே. பிரான்சின் போர்தோவில் வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயின் மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் அதை வர்ணித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு அது. நிறம் மூக்கை ஏமாற்றும்; ஆகவே கண்ணை மூடி முகர்ந்து பழகு. சுலபமான தொடக்கம் மஸ்கட் என்ற மணமுள்ள திராட்சை வகை. நம் கம்பத்துப் பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்தக் குடும்பத்து ரகம்தான். அந்த மணம் உனக்கு உடனே பிடிபடும்.

சிவப்பை 'ரூம் டெம்பரேச்சரில்' குடி என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. ஏப்ரலில் உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். ஃப்ரிட்ஜில் வைத்து, 16-18 டிகிரிக்குக் கொண்டுவா. வெள்ளைக்கு 8-10 போதும். அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும்.

சில நேரம் குற்றம் நாக்கில் இல்லை, பாட்டிலில். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் பெரும்பாலும் கார்க் கெட்டது. எவ்வளவு சுழற்றினாலும் போகாது, திருப்பிக் கொடு. எரிந்த தீக்குச்சி வாசனை கந்தகம், சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். நெயில் பாலிஷ் நெடி வந்தால் வினிகராகத் திரும்புகிறது என்று அர்த்தம். கடையில் கார்க் மேலே துருத்தி நிற்கும் பாட்டிலை வாங்கவே வாங்காதே, வெயிலில் வெந்திருக்கும்.

சாப்பாட்டோடு என்றால் ஒரு எச்சரிக்கை: காரத்தோடு டானின் மிகுந்த சிவப்பு வேண்டாம், எரிச்சல் கூடும். லேசாக இனிக்கும் செனின் பொருந்தும். மிச்சத்தை, சிவப்பானாலும், மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடு.

முதலில் எந்த இரண்டை வைத்தாய், எதில் அதிகம் எச்சில் ஊறியது என்று எழுது.

அன்புடன்,
சேகர்