விரலை மடக்கிப் பார்த்தாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதற்கு மேல் கேட்டால் வகுப்புக்கு நேரமாச்சு என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

கால் பெருவிரலின் அடி மூட்டில் ஆபரேஷன் செய்து, தையலும் பிரித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. விரலை மடக்குகிறாயா? பாதத்தை மூட்டுக்குப் பின்னால் ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெருவிரலை அடிப்பக்கம், மூட்டை ஒட்டியே பிடித்து மேலே வளைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தணும். நுனியைப் பிடித்து இழுத்தால் நுனி மூட்டுதான் வளையும், வளைய வேண்டியது அப்படியே இருக்கும். வெந்நீரில் கால் வைத்த பிறகு செய்தால் கொஞ்சம் இளகும். வலிக்கும், தெரியும். ஆனாலும் செய்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார், ஞாபகம் இருக்கிறதா. பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு மூட்டை ஒட்டவைத்துவிட்டால் வலி போகும், ஆனால் அந்த மூட்டு இனி வளையாது. இன்னொன்று, மேலே முளைத்திருந்த எலும்பை மட்டும் செதுக்கி எடுப்பது. நாட்டியத்தில் முன்பாதத்தில் ஊன்றி முழுசாகக் குந்துகிற முழுமண்டிக்கு விரல் வளைந்தாகணும் என்று நீதான் இரண்டாவதைக் கேட்டாய். எனக்கு அன்று அவ்வளவு பெருமை. இப்போது அதே விரலை அசைக்காமல் வைத்திருந்தால் உள்ளே தழும்பு இறுகி மறுபடி விறைத்துவிடும், அப்புறம் எதற்கு அந்த வலியெல்லாம் பட்டாய்?

ஆடிக் காட்டாமல், நாற்காலியில் உட்கார்ந்து தட்டுக்கழியால் தாளம் தட்டியே நாட்டிய வகுப்பு எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், யார் சொன்னது என்று கேட்காதே. தாளம் தட்டி ஜதி சொல்கிற நட்டுவாங்கம் உனக்கு நன்றாக வரும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சலங்கை எங்கே இருக்கிறது? பரணில் என்றால் கீழே எடுத்து வை, தோல் பூசணம் பிடிக்கும்.

சாயங்காலம் கால் வீங்குவதற்குப் பயப்படாதே. இதற்கு 3 மாதம், சிலருக்கு 6 மாதம்கூட வீக்கம் இருக்கும். படுத்துக்கொண்டு காலை நெஞ்சுக்கு மேலே இருக்கிற மாதிரி தலையணையில் தூக்கி வை. மெட்டியை இப்போது போட வேண்டாம், யாராவது கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல்லிவிடு. மாப்பிள்ளை வீடியோ காலில் காட்டியபோது பார்த்தேன், பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி நடக்கிறாய். வலிக்குப் பயந்து அப்படியே பழகினால் முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். குதிகாலை ஊன்றி, பெருவிரலால் தரையைத் தள்ளி நட. வீட்டுக்குள்ளும் அந்தக் கெட்டி அடிச் செருப்பைப் போடு.

உன்னோடு வகுப்பில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் நான். முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காருகிற அரைமண்டியில் பாதம் முழுசாகத் தரையில் படியும், விரலை வளைக்கிற வேலை இல்லை, பிசியோவிடம் கேட்டுக்கொண்டு அதில் தொடங்கு. சுவரைப் பிடித்து இரண்டு குதிகாலையும் சேர்த்துத் தூக்கிப் பழகு. பாதத்தைத் தரையில் தட்டுகிற தட்டடவு அதற்கப்புறம், அதுவும் டைல்ஸ் தரையில் வேண்டாம். முன்பாதத்தில் குதிக்கிற குதித்து மெட்டு அடவும் முழுமண்டியும் கடைசியில்தான், அவசரப்படாதே. ஆனால் விரலை மட்டும் தினமும் மடக்கு.

பெரியம்மா வீட்டு விசேஷம் நன்றாக நடந்தது, நேரில் சொல்கிறேன். நவராத்திரிக்கு பஸ்ஸில் வராதே, ரயிலில் கீழ் பெர்த் போட்டுக்கொண்டு காலை நீட்டி வா. கொலு முன்னால் உன்னை ஆடு என்று யாரும் கேட்கமாட்டார்கள், சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் விரலை மேலே வளைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டிலிருந்து எடு, அப்போதுதான் எவ்வளவு வளைகிறது என்று தெரியும்.

அம்மா